பட்டறையில் பிறந்த பந்தயக் கார்!



போன வாரம் வந்த கடிதக் கட்டில் ஒரு போஸ்ட் கார்டு. வால்பாறை பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் குடியிருக்கும் ஏழாம் வகுப்பு மாணவன் எழுதியது. பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில் இப்படி எழுதியிருந்தான்:

'நான் பெரியவன் ஆனதும் ரேஸ் டிரைவர் ஆகணும். எங்க வீட்டில் கார் கிடையாது. சைக்கிள்கூட கிடையாது. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறாங்க. அதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைங்க விளையாட்டுன்னு கிளாஸில் எல்லாரும் சிரிக்கிறாங்க. நிஜமா சார்?'

'கவலைப்படாதே, எல்லாம் முடியும்' என்று ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. கேள்வி உண்மையானது; பதிலும் உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் இந்த வாரம் உங்கள் எல்லோரிடமும் இதைப் பற்றியே பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுவோம். கார் பந்தயம் செலவு பிடித்த விளையாட்டுதான். ஒரு பந்து இருந்தால் போதும், ஊரே சேர்ந்து கால்பந்து ஆடலாம். கார் பந்தயம் அப்படி இல்லை. கார் வேண்டும், டயர் வேண்டும், பெட்ரோல் வேண்டும், உடைந்தால் மாற்ற உதிரி பாகம் வேண்டும். ஆக, உன் நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது தம்பி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் கரிவரதன். எஸ்.கரிவரதன். பந்தய உலகத்தில் எல்லோரும் செல்லமாக அழைத்தது, 'கரி'.

<b>மில் வீட்டுப் பிள்ளை</b>

கோவையில் 1910ல் தொடங்கப்பட்ட லட்சுமி மில்ஸ் பற்றி உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஊரில் பஸ் நிறுத்தத்துக்கே அந்தப் பெயர் உண்டு. அந்தக் குடும்பத்தில் 1954ல் பிறந்தவர் கரிவரதன். வசதிக்குக் குறைவில்லை. அவர் நினைத்திருந்தால் நூற்பாலை நிர்வாகத்தை மட்டும் கவனித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஆனால், அவருக்குக் காரின் மீது தீராத ஆசை. அந்தக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் என்ற ஊரில் கார் பந்தயங்கள் நடக்கும். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதை அது. போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன. பிறகு பந்தயக் கார்கள் வந்துவிட்டன! ஆயிரக்கணக்கான மக்கள் வெயிலையும் பார்க்காமல் கூடி நின்று ரசிப்பார்கள். அங்கே வேகமாகக் கார் ஓட்டிப் பெயர் வாங்கியவர்களில் கரியும் ஒருவர்.

அப்போது நம் நாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. உண்மையான பந்தயக் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம், வரியும் அதிகம். எனவே, மிகப் பெரிய பணக்காரர்கள் சிலரிடம் மட்டும் நல்ல கார் இருக்கும். மற்றவர்கள் வீட்டுக் காரையே பிரித்து மாட்டி, கொஞ்சம் வேகம் கூட்டி, அதில் ஓட்டுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் குதிரையில் வருகிறார். இன்னொருவர் கழுதையில் வருகிறார். இருவருக்கும் ஓட்டப் பந்தயம் வைத்தால், எந்த ஆள் திறமைசாலி என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்குக் கரி கண்டுபிடித்த விடைதான் அவரை மற்றப் பந்தய வீரர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. 'இங்கேயே, நம் ஊர்ப் பட்டறையிலேயே பந்தயக் கார் செய்தால் என்ன?' என்று இறங்கினார் அவர்.

<b>ரேக்ளா ரகசியம்</b>

1980களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய கார்தான் 'பார்முலா மாருதி'. பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்குமே! ஆமாம், மாருதி 800 காரின் இன்ஜின்தான் அதற்கு உயிர். 1983 டிசம்பரில் அறிமுகமான அந்தச் சின்னக் கார் உங்கள் தெருவில் யாரிடமாவது இன்னும்கூட இருக்கலாம். 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். அவ்வளவுதான். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஊருக்குப் போகும் மூட்டை முடிச்சு... இதையெல்லாம் இழுப்பதற்காகச் செய்த இன்ஜின் அது.

அந்தச் சாதுவான இன்ஜினை வைத்து எப்படிப் பந்தயம் ஓட்டுவது?

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். காளை பாரவண்டியை எப்படி இழுக்கும்? ஆடி அசைந்து நடக்கும். அதே போன்ற காளைகளை ரேக்ளா வண்டியில் பூட்டிப் பாருங்கள்... சிட்டாய்ப் பறக்கும்! காளையின் பலம் கூடவில்லை. வண்டியின் எடைதான் குறைந்தது.

கரி செய்ததும் அதுவே. நான்கு கதவு, பின் இருக்கை, டிக்கி, கண்ணாடி எதுவும் கிடையாது. ஒரே ஓர் ஆள் உட்கார இடம். இரும்புக் குழாய்களை வெட்டி, பற்றவைத்து ஒரு சட்டம். அதன் மேல் லேசான பைபர் உடல். ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜின். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு சக்கரங்கள். தரையோடு தரையாகப் படுத்தாற்போல் இருக்கும் உருவம். எடை குறைந்ததும், வீட்டுக் கார் இன்ஜின் பந்தய இன்ஜின் ஆகிவிட்டது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாருதி இன்ஜினுக்கு உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எந்தத் தெருவிலும் இருப்பார். வெளிநாட்டிலிருந்து பாகம் வருமா என்று மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: அவர் தனக்கு மட்டும் ஒரு கார் செய்துகொள்ளவில்லை. ஒரே மாதிரியான கார்களை வரிசையாகச் செய்தார். எல்லோரிடமும் ஒரே இன்ஜின், ஒரே உடல். இனி ஜெயித்தால் அது காரின் பெருமை அல்ல, ஓட்டியவரின் பெருமை!

கொஞ்சம் நின்று யோசியுங்கள். நன்றாக ஓட்டும் ஒருவர், தன்னைத் தோற்கடிக்கக்கூடிய கார்களைத் தானே செய்து மற்றவர்கள் கையில் கொடுக்கிறார். நம் வகுப்பில் முதல் மார்க் வாங்குபவர், தன் நோட்டை எல்லோருக்கும் கொடுத்து, 'நீயும் படி, என்னோடு போட்டி போடு' என்று சொல்வதைப் போல! நீங்கள் அப்படிக் கொடுப்பீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்!

<b>16 வயதுப் பையன்</b>

1993ம் ஆண்டு. ஸ்ரீபெரும்புதூர் பந்தய மைதானத்தில் 16 வயதுப் பையன் ஒருவன், பார்முலா மாருதி காரில் முதல் முறையாகப் பந்தயத்தில் இறங்கினான். முதல் போட்டியிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மேடை ஏறினான். அவனும் கோவைப் பையன்தான். பெயர், நரேன் கார்த்திகேயன். அப்பா கார்த்திகேயனும் ராலி பந்தயங்களில் பட்டம் வென்றவர்.

நரேன் 2005 மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பார்முலா 1 பந்தயத்தில் கார் ஓட்டினார். உலகின் உச்சப் பந்தயமான அதில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் நான்காம் இடம் பிடித்தார். டயர் பிரச்னையால் பல அணிகள் விலகி, ஆறு கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம் அது. ஆனாலும், பார்முலா 1ல் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவைதான்.

இதைப் பார்த்து மகிழக் கரிக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995ல், சிறிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளானதில் அவர் இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 41.

அவர் பெயர் மட்டும் மறையவில்லை. கோவைக்குத் தெற்கே, செட்டிபாளையத்தில், 2.1 கிலோ மீட்டர் நீளமுள்ள பந்தய ஓடுதளம் ஒன்று 2003ல் திறக்கப்பட்டது. முன்னாள் பந்தய வீரரும் தொழிலதிபருமான பி.விஜயகுமார் முயற்சியால் உருவானது. அதற்கு வைக்கப்பட்ட பெயர், 'கரி மோட்டார் ஸ்பீட்வே'.

<b>காலை இழுத்து நடந்த சிறுவன்</b>

சொந்தமாகக் கார் செய்து ஓட்டியவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா? உண்டு. எனக்குப் பிடித்த இருவரைச் சொல்கிறேன்.

நியூசிலாந்து நாட்டில் புரூஸ் மெக்லாரன் என்று ஒரு சிறுவன். ஒன்பது வயதில் இடுப்பு எலும்பில் ஒரு நோய் வந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிகிச்சை இல்லத்திலேயே படுத்திருந்தான். குணமான பிறகும் ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. ஓடி ஆட முடியாத அந்தப் பையனுக்கு அப்பாவின் கார் பட்டறைதான் விளையாட்டு மைதானம். பழைய ஆஸ்டின் கார் ஒன்றை அப்பாவோடு சேர்ந்து பிரித்து, சரி செய்து, அதில்தான் பந்தயம் ஓட்டப் பழகினான்.

இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் ஜாக் பிராபம். 15 வயதில் பள்ளியை விட்டு, கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு விமானப் படையில் மெக்கானிக்.

இந்த இருவரும் 1959 டிசம்பரில், அமெரிக்காவில் ஒரே அணிக்காகப் பார்முலா 1 பந்தயம் ஓட்டினார்கள். கடைசிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்த பிராபமின் காரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பின்னால் வந்த மெக்லாரன் ஜெயித்துவிட்டார். அப்போது அவருக்கு 22 வயது! பிராபம் என்ன செய்தார் தெரியுமா? இறங்கினார். காரைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போய் எல்லைக்கோட்டைத் தாண்டினார். நான்காம் இடம்! அந்த ஆண்டின் உலகப் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

பிறகு இருவரும் சொந்தமாகக் கார் கட்டினார்கள். 1966ல், தன் பெயர் தாங்கிய காரிலேயே பிராபம் உலகச் சாம்பியன் ஆனார். இன்று வரை வேறு யாரும் அதைச் செய்ததில்லை. 1968ல், தான் கட்டிய காரில் பெல்ஜியம் பந்தயத்தை வென்றார் மெக்லாரன். 1970ல், புதிய கார் ஒன்றை ஓட்டிச் சோதித்தபோது விபத்தில் இறந்தார். வயது 32தான். ஆனால், அவர் தொடங்கிய அணி இன்றும் ஓடுகிறது. 2023ல், கத்தார் பந்தயத்தில் ஒரு காரின் நான்கு டயர்களையும் 1.80 விநாடியில் மாற்றிச் சாதனை படைத்தது அந்த அணி. 'ஒன்று, இரண்டு' என்று நீங்கள் எண்ணி முடிப்பதற்குள்!

அந்த 1.80 விநாடியில் ஓட்டுநர் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலை செய்தவர்கள், சுற்றி நின்ற மெக்கானிக்குகள். ஒருவர் கை தவறினால் போதும், ஓட்டுநர் எவ்வளவு பெரிய சூரராக இருந்தாலும் பந்தயம் போய்விடும்.

<b>வளைவு சொல்லும் பாடம்</b>

சரி, நம்ம வால்பாறைக்கு வருவோம். ஆழியாறிலிருந்து மலை ஏறும்போது மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே எத்தனை பேர் அதை எண்ணியிருப்பீர்கள்!

நேரான ரோட்டில் யார் வேண்டுமானாலும் வேகமாகப் போகலாம். பந்தயத்தில் வெற்றி, தோல்வி தீர்மானம் ஆவது வளைவில்தான். வளைவில் வண்டியை வெளியே வீசி எறியாமல் பிடித்து வைத்திருப்பது, டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு. வேகம் இரண்டு மடங்கு ஆனால், தேவைப்படும் பிடிமானம் நான்கு மடங்கு! 20 கிலோ மீட்டர் வேகத்தில் சுலபமாகத் திரும்பும் வளைவில், 40ல் போனால் நான்கு மடங்கு பிடி வேண்டும். பிரேக் போட்டு நிற்கும் தூரமும் அப்படித்தான், நான்கு மடங்காகிவிடும். அதனால்தான் பந்தய வீரர்கள் முதலில் கற்றுக்கொள்வது, வேகமாகப் போக அல்ல. சரியான இடத்தில் வேகத்தைக் குறைக்க.

பந்தயக் கார் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது? ஒரு தீப்பெட்டியை எடுங்கள். நிற்க வைத்து லேசாகத் தள்ளுங்கள், விழுந்துவிடும். படுக்க வைத்துத் தள்ளுங்கள், கவிழாது, நகரும். அவ்வளவுதான் விஷயம்!

இங்கே ஒரு எச்சரிக்கை. பந்தய வீரர் வளைவை எப்படி எடுப்பார்? ரோட்டின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடியும் வெளி ஓரத்துக்குப் போவார். ஓடுதளத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்துவார். ஏன் தெரியுமா? அங்கே எதிரே வண்டி வராது. மலை ரோட்டில் பாதி மட்டும்தான் நமக்குச் சொந்தம். மறுபாதி எதிரே வருபவருடையது. அவர் பஸ்ஸில் 50 பேரோடு வரலாம். பிரசவத்துக்குப் போகும் ஆம்புலன்ஸாக இருக்கலாம். வளைவுக்கு அந்தப் பக்கம் ரோட்டைக் கடக்கும் வரையாட்டுக் கூட்டமாகவும் இருக்கலாம். புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் காரில் அடிபடாமல் இருக்க, மரத்துக்கு மரம் தொங்கு பாலமே கட்ட வேண்டி வந்தது, தெரியுமா?

விடுமுறை நாட்களில் மலை ரோட்டில் பைக்கைச் சாய்த்து 'ரேஸ்' விடும் அண்ணன்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். அது பந்தயம் அல்ல. பந்தயத்தில் ஹெல்மெட் உண்டு, விதி உண்டு, கொடி காட்டுபவர் உண்டு, டாக்டர் உண்டு. கரியும் நரேனும் பெயர் வாங்கியது பந்தய ஓடுதளத்தில்தான். மெக்லாரன் சிறுவனாக ஓட்டிய மலையேற்றப் போட்டிகூட, பொது வண்டிகளை நிறுத்திவிட்டு நடத்தும் போட்டிதான்.

<b>அந்தத் தம்பிக்குப் பதில்</b>

இப்போது போஸ்ட் கார்டு எழுதிய தம்பிக்கு வருகிறேன்.

தம்பி, கரி வசதியான வீட்டுப் பிள்ளை. அதை மறைக்க மாட்டேன். ஆனால், வசதி இருந்தவர்கள் அந்தக் காலத்தில் அவர் ஒருவர் மட்டும் இல்லையே! மற்றவர்கள் கார் வாங்கினார்கள். அவர் கார் செய்தார். செய்ததைப் பலருக்கும் எட்டும்படி வைத்தார். பணம் வழியைத் திறந்தது உண்மை. அந்த வழியில் மற்றவர்களையும் நடக்க விட்டது அவருடைய மனசு.

இரண்டாவது, பந்தய உலகத்துக்குள் நுழைய ஓட்டுநர் இருக்கை மட்டும்தான் வாசல் என்று நினைக்காதே. பட்டறையும் ஒரு வாசல். பிராபம் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி ஓடுதளத்தில் 'பார்முலா பாரத்' என்ற போட்டி பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் பொறியியல் கல்லூரி மாணவர்கள், தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு வருவார்கள். யாரிடம் விலை உயர்ந்த கார் இருக்கிறது என்று அங்கே கேட்பதில்லை. ஏன் இப்படிச் செய்தாய், எவ்வளவு செலவானது, பிரேக் போட்டால் நான்கு சக்கரமும் நிற்கிறதா என்றுதான் கேட்பார்கள். ஆபத்து என்றால் ஓட்டுநர் ஐந்து விநாடிக்குள் காரிலிருந்து வெளியே குதிக்க முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். இந்தப் பரிசோதனைகளில் தேறினால்தான் ஓட்டவே விடுவார்கள். அங்கே போக, கணக்கும் அறிவியலும் நன்றாகப் படித்தால் போதும். அதற்கு வீட்டில் கார் இருக்க வேண்டியதில்லை.

'அப்படியானால் நான் கட்டாயம் ரேஸ் டிரைவர் ஆகிவிடுவேனா?' என்று கேட்டால், என்னால் சத்தியம் செய்து தர முடியாது. யாராலும் முடியாது. ஆனால், ஒரு காரை உள்ளும் புறமும் தெரிந்தவனை, எந்தப் பந்தய அணியும் 'வேண்டாம் போ' என்று சொல்லாது. அது மட்டும் உறுதி.

இன்றே தொடங்க ஒரு பயிற்சி சொல்கிறேன். செலவே இல்லை. அடுத்த முறை பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் போகும்போது, முன் பக்கமாக உட்கார்ந்து டிரைவர் அண்ணனைக் கவனி. தொந்தரவு செய்யாதே, பார் மட்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக் போட மாட்டார்; முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார். இறக்கத்தில் சின்ன கியரில் வருவார். பிரேக்கையே ஓயாமல் மிதித்தால், சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விடுவார். 40 வளைவு... 40 பாடம்! இவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் சமவெளியில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிடைக்காது தம்பி.

மற்ற தம்பி, தங்கைகளே! நுங்கு வண்டி, பேரிங் வண்டி, பழைய டயர்... நீங்களும் ஏதாவது ஒரு வண்டி செய்து ஓட்டியவர்கள்தானே? அதை ரோட்டில் ஓட்டாதீர்கள், மைதானத்தில் ஓட்டுங்கள். வண்டி உடைந்தால் தூக்கிப் போடாமல், ஏன் உடைந்தது என்று பாருங்கள். பழைய சைக்கிள் மணி ஒன்று கிடைத்தால், பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு பிரித்துப் பாருங்கள். திரும்ப மாட்டி, ஒலிக்க வைத்துவிட்டால், எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள்.

இன்னும் ஒன்று. ஒருவர் தன் கனவைச் சொல்லும்போது சிரிக்காதீர்கள். 'எப்படிச் செய்யப் போகிறாய்?' என்று கேளுங்கள். சிரித்தால் அவன் வாயை மூடிக்கொள்வான். கேட்டால், யோசிக்கத் தொடங்குவான்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்